ஒன்றே முக்கால் பவுன் கரி

இந்தப் பகுதியில் நாம் எடுத்துக் கொள்ளும் விஷயங்கள் வாரத்துக்கு வாரம் சிறுத்துக் கொண்டே போகின்றன என்று நேயர்கள் சிலர் குறைப்பட்டுக் கொள்வதுண்டு. அந்தக் குறைக்குத் தக்க ஆதாரத்தை இந்த வாரம் நாமே கொடுத்து விடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். சின்னஞ்சிறு ரயில் இஞ்சினின் முதுகில் கரி ஏற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய விஷயம். இதைவிடச் சிறிய விஷயம் யாருக்காவது அகப்பட்டால் தெரிவிக்கலாம். அடுத்த வாரம் அதைப் பற்றி எழுதத் தடையில்லை.

'விளையாட்டு ரயில்' என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். இங்கிலாந்தில் அந்தச் சொல் சில பெரியவர்களுடைய காதில் விழுந்தால் சண்டைக்கே வந்து விடுவார்கள். 'மாதிரி ரயில்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். லிவர்ப்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் நிறுவிய மெக்கானோ கம்பெனி, 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்களைக் கடைக்குக் கொண்டு வந்தது. 1938-இல் அதே கம்பெனி, சாப்பாட்டு மேஜையின் மேலேயே வளைந்து ஓடக்கூடிய இன்னும் சிறிய ரயில்களை விற்கத் தொடங்கியது. வாங்கியது குழந்தைகளின் பெயரால். ஓட்டியது பெரும்பாலும் அப்பாக்கள். அந்தக் குழந்தைகளும் பின்னால் அப்பாக்களாகித் தாத்தாக்களாகி, வீட்டு மாடியறையை அடைத்துக் கொண்டு ஸ்டேஷனும் பாலமும் குகையும் கட்டினார்கள். இன்றைக்கும் கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

அங்கே மிகவும் வழக்கத்திலுள்ள அளவுக்கு 'ஓஓ' என்று பெயர். நிஜ ரயிலில் ஓர் அடி நீளமுள்ள பாகம் இதில் 4 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. இந்தக் கணக்குப்படி இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 18.83 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் நியாயம். ஆனால் கடையில் விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர்தான். இந்த இரண்டேகால் மில்லிமீட்டர் சொச்சம் குறைகிறதே என்று தூக்கம் வராமல், கடைத் தண்டவாளத்தை ஒதுக்கிவிட்டுத் தாமே கட்டை கட்டையாக அடுக்கித் தண்டவாளம் போடுகிறவர்கள் உண்டு. இஞ்சினின் பக்கத்திலுள்ள ஆணிகளை எண்ணிப் பார்த்து, இரண்டு குறைகிறது என்று சரி செய்கிறவர்களும் உண்டு.

இவ்வளவு கண்டிப்புக்காரர்களும் வெகு காலம் ஒரு விஷயத்தைக் கண்டும் காணாமல் விட்டு வைத்திருந்தார்கள். அதுதான் கரி.

நீராவி இஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டு வரும் வண்டிக்கு டெண்டர் என்று பெயர். அதில் அடியிலும் பின்புறத்திலும் தண்ணீர்த் தொட்டி. முன்புறத்தில் மேலே கரி. சிறிய இஞ்சின்களுக்கு டெண்டர் இராது. டிரைவர் நிற்கும் அறைக்குப் பின்னாலேயே ஒரு கரிப்பெட்டி இருக்கும். பெரும்பாலான மாதிரி இஞ்சின்கள் கடையிலிருந்து வரும்போது இந்த இடத்தில் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு கறுப்பு மேடு இருக்கிறது. கறுப்பு அல்வாவைக் கத்தியால் கொத்தி வைத்தது போன்ற மேடு. ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் இஞ்சின்களிலும் அதே மேடு, அதே பள்ளம், இடது மூலையில் அதே கட்டி. அத்துடன் அது எப்போதும் நிறைந்தே இருக்கும். இஞ்சின் மாடியறையை நூறு தடவை சுற்றி வந்தாலும் கரியில் ஓர் எள்ளளவு குறையாது. அக்ஷய பாத்திரம் திரௌபதிக்கு ஒன்றுதான் கிடைத்தது. இங்கே இஞ்சினுக்கு ஒன்று வீதம் கிடைத்து விடுகிறது.

இந்தப் பிளாஸ்டிக் மேட்டைப் பெயர்த்தெடுத்து விட்டு நிஜக் கரியை ஏற்றுவதுதான் இப்போது நாம் சொல்ல வந்த கலை.

* * *

முதலாவது கேள்வி, கரிக் கட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது. இதற்கு விடை சொல்ல விஞ்ஞானிகள் வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டி போதும். நிஜத்தில் ஓர் அடிக் குறுக்களவுள்ள பெரிய பாளம் மாதிரியில் 4 மில்லிமீட்டர் ஆகிறது. அது ஒரு மிளகு. அரை அடிக் கட்டி 2 மில்லிமீட்டர். அது ஒரு கடுகு. இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த சில்லுகளெல்லாம் ரவை. ஆகவே நல்ல டெண்டரில் கடுகும் ரவையும் கலந்து கிடக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாக மிளகு தலை காட்ட வேண்டும். 'என்' என்னும் இன்னும் சிறிய அளவு ஒன்று உண்டு. பிரிட்டனில் அது 148-இல் ஒரு பங்கு. அதில் கடுகு கூடப் பெரிது. ரவையோடு நிறுத்திக் கொள்ள வேண்டியதுதான்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் கொண்டைக் கடலை அளவில் கரியைப் போட்டு விடுவதுண்டு. கொண்டைக் கடலை 8 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொண்டால், நிஜத்தில் அது இரண்டடிப் பாறை. அதைத் தூக்கி நெருப்புப் பெட்டிக்குள் போட வேண்டுமானால் கம்பெனியார் பீமசேனனைத்தான் வேலைக்கு அமர்த்தியிருக்க வேண்டும். பீமசேனன் தூக்கினாலும் நெருப்புப் பெட்டியின் வாயில் நுழையாது. எந்தக் கட்டியும் ஒரு மனிதன் ஷவலால் அள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். அல்லது சுத்தியலால் உடைத்து அள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். கரியின் அளவைத் தீர்மானிப்பது இஞ்சின் அல்ல, அதை அள்ளுகிற மனிதன் என்பதை நேயர்கள் இங்கே கவனித்துக் கொள்ள வேண்டும். இந்த மனிதரிடம் நாம் பிறகு திரும்பி வரப் போகிறோம்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு கரி வேண்டும் என்பது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெரிய எக்ஸ்பிரஸ் இஞ்சின்களின் டெண்டரில் 4,000 காலன் தண்ணீரும் 6 டன் கரியும் கொள்ளும். நீளத்தில் 76-இல் ஒரு பங்கு என்றால், அகலத்திலும் உயரத்திலும் அப்படியே குறைகிறது. ஆகவே எடை நாலு லட்சத்து நாற்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு வந்து விடுகிறது. 6 டன் கரி 14 கிராம் ஆகிறது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் ஒன்றே முக்கால் பவுன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாதிரி இஞ்சினில் இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக், பித்தளைக்குப் பதில் வர்ணம், நீராவிக்குப் பதில் மின்சார மோட்டார். எல்லாம் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றுதான். எடையும் எந்தக் கணக்குக்கும் ஒத்து வராது. நிஜக் கரியை ஏற்றினால் மட்டும், பொருளும் நிஜம், அளவும் சரி, எடையும் சரி. அந்த ஒன்றே முக்கால் பவுன் ஒன்றுதான் அந்த இஞ்சினில் வேஷம் போடாத சரக்கு.

* * *

இனிச் செய்முறை. நிலக்கரிக் கட்டி ஒன்றைப் பழந்துணியில் சுற்றிக் கட்டிச் சுத்தியலால் தட்ட வேண்டும். துணியில்லாமல் தட்டினால் கரி வீடெங்கும் பறந்து, அதன் பிறகு வீட்டில் வேறு விதமான நெருப்புப் பற்றும். உடைத்ததை முதலில் மாவுச் சல்லடையிலும், பிறகு டீ வடிகட்டியிலும் சலித்தால் பெரியதும் சிறியதும் தூளும் ரகம் ரகமாகப் பிரிந்து விடும். சலிப்பதற்கு வீட்டுச் சல்லடையை எடுக்காமல் புதிதாக ஒன்று வாங்கிக் கொள்வது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது. பிரித்த கரியைத் தண்ணீரில் அலசித் தூளைப் போக்கி உலர்த்த வேண்டும். தூள் அப்பியிருந்தால் பசை கரியைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக் கொள்ளும். மறுநாள் தொட்டால் எல்லாம் உதிர்ந்து போகும்.

டெண்டரை இஞ்சினிலிருந்து கழற்றி, மேல் கூட்டையும் தனியே எடுத்து விட வேண்டும். கரித் துணுக்கு மோட்டாரிலோ பல்சக்கரத்திலோ விழுந்தால் அரத்தைப் போல அராவி விடும். டெண்டருக்குள் ஆழம் முழுவதற்கும் கரி கொட்ட அவசியமில்லை. அட்டையாலோ பஞ்சு போன்ற நுரைப் பலகையாலோ கீழ்த்தளம் ஒன்று அமைத்து, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, தாளின் மேல் கரியை அடுக்கினால் போதும். காய்ந்த பிறகு கரி முழுவதையும் பலகை போல ஒரே துண்டாகத் தூக்கி எடுக்கலாம். இதன் உபயோகம் பின்னால் விளங்கும்.

பசைக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். அதை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு துளி சேர்க்க வேண்டும். சோப்பு சேர்க்காவிட்டால் பசைநீர் கரியின் மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும்; சேர்த்தால் இடுக்குகளிலெல்லாம் புகுந்து விடும். சொட்டு மருந்து விடும் குழாயால் ஓரத்திலிருந்து மெதுவாக விட வேண்டும். விட்டவுடன் கரி பால் கொட்டியது போல வெளுத்திருப்பதைக் கண்டு மனம் உடைய வேண்டியதில்லை. ஓர் இரவு பொறுத்தால் வெண்மை மறைந்து கரி மறுபடியும் கரியாகி விடும். பசை பளபளத்தால் மட்டும், மினுமினுப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிக் கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். இஞ்சின் கனமாயிருந்தால் நன்றாக இழுக்கும் என்று கரிக்கு அடியில் ஈயக் குண்டுகளை இந்த வெள்ளைப் பசையாலேயே ஒட்டி வைத்தவர்கள் உண்டு. சில வருஷங்களில் ஈயம் அரித்துப் பூத்து உப்பி, கூட்டையே பிளந்து விட்டது. ஈயமும் வெள்ளைப் பசையும் மாமியாரும் மருமகளும் போல. முதல் வருஷம் ஒன்றும் தெரியாது.

* * *

இவ்வளவும் கைவேலை. உண்மையான யோசனை இனிமேல்தான். அந்தக் கரி எப்படிக் குவிந்து கிடக்க வேண்டும்?

ஊருக்கு ஊர் கரி வேறு. கம்பெனிக்குக் கம்பெனி அதை ஏற்றிய முறையும் வேறு. வடக்கே ஓடிய பெரிய கம்பெனிகள் முக்கியமான ஷெட்டுகளில் சிமெண்டுக் கோபுரங்கள் கட்டி வைத்திருந்தன. கரி வாகனை அப்படியே மேலே தூக்கிக் கவிழ்த்துக் கோபுரத்தில் நிரப்பி, கீழே வந்து நிற்கும் டெண்டருக்குள் சரிவுக் குழாயால் கொட்டுவார்கள். கான்ஃபோர்த் என்னும் ஊரில் அத்தகைய கோபுரம் ஒன்று இன்னும் நிற்கிறது. இப்படிக் கொட்டிய கரி நடுவில் கூம்பாக நின்று நாலு பக்கமும் சரிந்திருக்கும். விழுந்த வேகத்தில் கட்டிகள் உடைந்துமிருக்கும். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியார் எரித்தது தென் வேல்ஸ் கரி. சூடு அதிகம், புகை குறைவு. ஆனால் எளிதில் நொறுங்கும் தன்மையுள்ளது. கோபுரத்திலிருந்து கொட்டினால் பாதி தூளாகிவிடும் என்று அவர்கள் கரி மேடை கட்டி, சிறு தொட்டி வண்டிகளில் கரியை நிரப்பித் தள்ளிக் கொண்டு வந்து டெண்டரில் கவிழ்த்தார்கள். டிட்காட் நகரில் அந்த மேடை ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆகவே கிரேட் வெஸ்டர்ன் டெண்டரில் மிளகுகள் கூடுதலாகக் கிடப்பது பொருத்தம்.

வருஷத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டனில் கரிப் பஞ்சம். 1947-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் கரியில்லாமல் தொழிற்சாலைகளே மூடிக் கிடந்தன. நல்ல கட்டிக் கரி கிடைப்பது அரிதாகிவிட, தூளைப் பிசைந்து அழுத்திய கட்டிகளையும் முட்டை வடிவ உருண்டைகளையும் இஞ்சின்கள் எரித்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட இஞ்சின்களை எண்ணெய் எரிப்பவையாக மாற்றி விடுவது என்று 1946-இல் அரசாங்கம் ஒரு திட்டமும் போட்டது. ஒரு நூறு கூட மாற்றி முடிவதற்குள் எண்ணெய் வாங்கப் பணமில்லாமல் 1948-இல் அது கைவிடப்பட்டது. அந்த இடைக்காலத்து இஞ்சின் ஒன்றைச் செய்கிறவர் டெண்டரில் கரிக்குப் பதில் எண்ணெய்த் தொட்டியை வைத்தால்தான் சரி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரயில் எவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறது என்பது. புறப்படும்போதுதான் டெண்டர் நிறைந்திருக்கும். பயர்மேன் முன்புறத்தில், தரை மட்டத்திலுள்ள வாசலிலிருந்து அள்ளிக் கொண்டே வருவார். அங்கே முதலில் ஒரு குகை விழும். மேலேயுள்ளது அந்தக் குகைக்குள் சரிந்து வரும். பாதி வழியில் முன்புறம் பள்ளமாகவும் பின்புறம் மேடாகவும் இருக்கும். கடைசியில் பின்மூலையில் கொஞ்சம் ஒட்டிக் கொண்டு கிடக்கும். அதை முன்னால் இழுத்து வர, ஓடுகிற வண்டியில் பயர்மேன் டெண்டருக்குள் இறங்கிப் போக வேண்டும். தூள் பறக்காமலிருக்கக் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார். அதனால் முன்புறக் கரி ஈரமாக, இன்னும் கறுப்பாகத் தெரியும். லண்டன் மிட்லண்டு கம்பெனியின் மிகப் பெரிய இஞ்சின்களில் 10 டன் கரியை முன்னுக்குத் தள்ள நீராவி உந்தியே பொருத்தியிருந்தார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1928-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' ரயில் வழியில் எங்கும் நிற்காமல் 393 மைல் ஓடத் தொடங்கியது. டெண்டரில் 9 டன் கரி. மைலுக்கு 40 ராத்தல் எரிந்ததாக வைத்துக் கொண்டால், மொத்தம் 7 டன் ஆகிறது. ஷவலுக்குப் பத்து ராத்தல் என்றால் 1,500 தடவைக்கு மேல் குனிந்து, அள்ளி, திரும்பி, ஆடுகிற தரையில் கால் ஊன்றி, ஜ்வாலை வீசும் வாய்க்குள் குறித்த மூலையைப் பார்த்து எறிய வேண்டும். ஒரே மனிதர் செய்யக் கூடிய காரியமல்ல என்று கம்பெனியாரே உணர்ந்து, டெண்டரின் ஓரத்தில் 18 அங்குல அகலத்தில் ஒரு நடைவழி வைத்து, பாதி வழியில் வேறு டிரைவரும் பயர்மேனும் ரயில் பெட்டியிலிருந்து இஞ்சினுக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்தார்கள்.

ஆகவே எடின்பரோ ஸ்டேஷனைச் சிரமப்பட்டுக் கட்டி, கடிகாரத்தில் சரியான மணியும் வைத்து, லண்டனிலிருந்து வந்து நிற்கும் இஞ்சினின் டெண்டரில் கரியை மலை போலக் குவித்தால், அந்த இஞ்சின் லண்டனிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். மூலையில் கிடக்கும் 2 டன் கரிதான் அது வந்து சேர்ந்ததற்குச் சாட்சி. இதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ஒரே டெண்டருக்கு மூன்று கரிப் பலகைகள் செய்து வைத்துக் கொள்கிறார்கள்: நிறைந்தது ஒன்று, பாதி ஒன்று, தீரும் தறுவாயில் ஒன்று. பிளாஸ்டிக் தாளின் உபயோகம் இதுதான்.

* * *

இங்கேதான் அந்த மனிதரிடம் திரும்பி வருகிறோம்.

1938-ஆம் வருஷம் ஜூலை 3-ஆம் தேதி 'மல்லார்டு' என்னும் இஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடியது. நீராவி இஞ்சின்களில் அந்த வேகத்தை விஞ்சியதாக ஒப்புக் கொள்ளப்பட்டது இன்றுவரை வேறில்லை. யார்க் நகரத்து ரயில்வே காட்சிசாலையில் அதை ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். இஞ்சினின் பெயர் உலகத்துக்கெல்லாம் தெரியும். அதை அமைத்த ஸர் நைஜல் கிரெஸ்லியைப் பலருக்குத் தெரியும். டிரைவர் ஜோ டடிங்டனைச் சிலருக்குத் தெரியும். அன்று கரி அள்ளிப் போட்டவர் டாமி பிரே. வேகம் பிறந்தது அவர் எறிந்த கரியில்தான். பெயர் வரிசையில் மட்டும் அவர் கடைசி.

அவருக்கும் பின்னால், வரிசையிலேயே சேராதவர்கள் இருக்கிறார்கள். தென் வேல்ஸில் செங்கெனித் என்னும் சிற்றூர். அங்கே இஞ்சின்களுக்கும் கப்பல்களுக்கும் ஏற்ற கரி வெட்டிய சுரங்கம் ஒன்று இருந்தது. 1913-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆம் தேதி காலையில் அதில் வெடி விபத்து நேர்ந்தது. 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிரிட்டிஷ் சுரங்கங்களில் அதைவிடப் பெரிய விபத்து நடந்ததில்லை. சிற்றூரில் 439 பேர் என்றால், துக்கம் விசாரிக்கப் போவதற்குத் துக்கமில்லாத வீடு ஏது?

டெண்டரில் கிடக்கும் கரிக்கு இத்தனை பேருடைய முதுகு வளைந்திருக்கிறது. பிளாஸ்டிக் மேட்டில் இதெல்லாம் இல்லை. அது யாரும் வெட்டாத கரி, யாரும் ஏற்றாத கரி, யாரும் அள்ளாத கரி. ஆணிகளை எண்ணிச் சரிபார்க்கிற மாதிரி ரயில்காரர் இஞ்சினுக்கு முழு மரியாதையும் செய்து விடுகிறார். முன்புறத்தில் ஷவல் அள்ளிய பள்ளத்தைச் சரியாகச் செய்கிறவர்தான் அதை ஓட்டிய மனிதர்களுக்கு மரியாதை செய்கிறார் என்பது நம் அபிப்பிராயம்.

கரி யுகம் மறைந்து போகிறதே என்று அழுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. ரயில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணில் கரித் தூளை வாங்கிக் கொண்ட பாட்டனார்களைக் கேட்டால், போய்த் தொலைந்தது நல்லது என்றுதான் சொல்வார்கள். லண்டன் மூடுபனியில் மூச்சுத் திணறியவர்களும் அதையே சொல்வார்கள். கரிப் புகையால் பூமி சூடேறுவதை அறிந்த பிறகு, அதைத் திருப்பிக் கொண்டு வா என்று புத்தியுள்ளவர் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒன்றை விட்டு விடுவது வேறு. அது இருந்ததையே மறந்து விடுவது வேறு.

மறதி வெகு வேகமாக வந்து கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரிய பாதைகளில் நீராவி இஞ்சின்களின் சேவை 1968-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தோடு முடிந்தது. யார்க்ஷையரில் கெல்லிங்லி என்னும் ஊரில் இருந்த, நாட்டின் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. இங்கிலாந்தில் வீட்டு அடுப்புக்கு நிலக்கரி விற்பது 2023 மே மாதத்திலிருந்து அடியோடு தடை செய்யப்பட்டது. ராட்கிளிஃப் என்னும் இடத்திலிருந்த கடைசிக் கரி மின்சார நிலையம் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி ஓய்ந்தது. நீராவி யந்திரத்தை உலகத்துக்குக் கொடுத்த நாட்டில் இன்று பிறக்கும் குழந்தை, கரிக் கட்டி ஒன்றைக் கையால் தொடாமலே வளர்ந்து பெரிதாகி விடலாம். அந்தக் குழந்தை ஒருவேளை தாத்தாவின் மாடியறையில், இஞ்சின் முதுகில் கிடக்கும் கடுகளவுக் கரியைத் தொட்டுவிட்டு, "இது என்ன?" என்று கேட்கக்கூடும்.

அப்படிக் கேட்கும்போது பதில் சொல்வதற்கு இந்தச் சிறு கலை உதவும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலாந்து என்பவர், ஆக்ஸ்போர்டு பக்கத்துக் கிராமங்களில் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறிப் போவதைக் கண்டு மனம் பொறுக்காமல், அவற்றை அட்டையில் அளவு பிசகாமல் செய்து வைக்கத் தொடங்கினார். 1954-இல் லாங் விட்டன்ஹம் கிராமத்தில் அவர் ஆரம்பித்த பெண்டன் காட்சிசாலையில், 1920-களிலும் 30-களிலும் இருந்த கிராமங்களும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன. நிஜமான வீடுகள் போய்விட்ட இடங்களுக்கு அந்த அட்டை வீடுகளே இப்போது சாட்சி. விளையாட்டு என்று தொடங்கியது சரித்திரமாகி விட்டது.

மாதிரி இஞ்சின் செய்ய ஆசையுள்ள நேயர்கள் நம் வாசகர் வீடுகளிலும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு யோசனை மட்டும் கூறி முடித்துக் கொள்கிறோம். ஒரே ஒரு கரிப் பலகைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால், நிறைந்த டெண்டரைச் செய்ய வேண்டாம். பாதி தீர்ந்ததைச் செய்யுங்கள். முன்புறத்தில் பள்ளம் விழட்டும். வாசலருகில் நாலு ரவை சிந்திக் கிடக்கட்டும். முடிந்தால் ஒரு சிறு ஷவலைக் கரியில் செருகி வையுங்கள். பார்க்கிறவர்கள் கரி எங்கே குறைகிறது என்று கேட்டால், டாமி பிரே அள்ளிப் போட்டு விட்டார் என்று சொல்லுங்கள்.